கீழ்நிலத்தார்க்கு நாம் பட்ட கடன்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் 'ஊர்' என்னும் சொல், நாம் இருக்கும் இடத்தைக் குறிப்பதில்லை. 'ஊருக்குப் போகிறோம்' என்றால் வேலூருக்கோ, தருமபுரிக்கோ, தஞ்சைக்கோ, நெல்லைக்கோ போகிறோம் என்பதே பொருள். முப்பது ஆண்டுகள் இங்கே பணியாற்றி, பிள்ளைகளை இங்கேயே படிக்க வைத்து, இந்நகரின் குளிருக்கு உடம்பைப் பழக்கிக்கொண்ட பின்னும் அச்சொல்லின் பொருள் மாறுவதில்லை. பொங்கலுக்கு ஒரு முறை, கோடை விடுமுறைக்கு ஒரு முறை, பங்காளி வீட்டு நன்மை தீமைகளுக்கு இடையிடையே என்று போய் வருகிறோம். முன்பதிவு கிடைக்காமல் அல்லற்படுகிறோம்.

ஆனால் நம் வீட்டிலிருந்து நாள்தோறும், முன்பதிவு ஏதுமின்றி, ஊருக்குப் போய்க்கொண்டே இருக்கும் ஒன்று உண்டு. அது நாம் குளித்த நீர். துணி துவைத்த நீர். பாத்திரம் கழுவிய நீர். கழிப்பறையில் ஊற்றிய நீர். குளியலறை மூலையிலுள்ள சல்லடையைத் தாண்டியதும் அது நம் கண்ணுக்கு மறைகிறது. மறைந்த பொருள் இல்லாத பொருளாகிவிடுமா என்பது பழைய தத்துவக் கேள்வி. இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்புவது அதனினும் எளிய ஒரு கேள்வி. நம்மிடமிருந்து மறைந்த பின் அந்நீர் செய்யும் நன்மை தீமைகளுக்கு நாம் பொறுப்பாளிகளா?

அந்நீர் ஊருக்குப் போகிறது என்றது அணிநயம் கருதியன்று. அது நிலவியல் உண்மை. பெங்களூர் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்திருக்கும் நகரம். நம் ஊர் ஓட்டு வீட்டை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். கூரையின் முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த மழை வாசலிலும், அந்தப் பக்கம் விழுந்த மழை கொல்லையிலும் சொட்டும். பெங்களூருக்கும் அத்தகைய முகடு ஒன்று வடக்கு தெற்காக ஓடுகிறது. முகட்டுக்கு மேற்கே விழும் நீர் விருஷபாவதியாகி, மைசூர்ச் சாலையை ஒட்டி ஓடி, பைரமங்கலம் ஏரியைக் கடந்து அர்க்காவதியை அடைகிறது. அர்க்காவதி, கனகபுரத்துக்குத் தெற்கே சங்கமம் என்னும் இடத்தில் காவிரியில் கலக்கிறது. அதற்கப்பால் ஒகேனக்கல், அதற்கப்பால் மேட்டூர். முகட்டுக்குக் கிழக்கே, அல்சூர், இந்திராநகர், கோரமங்கலம் ஆகிய பகுதிகளின் நீர் பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும் சென்று, தட்சிண பினாகினியில் சேர்கிறது. இங்கே பினாகினி எனப்படும் அந்த ஆற்றை நம் மக்கள் தென்பெண்ணை என்று அழைக்கிறார்கள். நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் தங்கி, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவலூர் வழியாகக் கடலூருக்கு அருகே கடலில் கலப்பது அது.

ஆக, இந்நகரில் எந்தத் தெருவில் குடியிருந்தாலும் நம் சாக்கடையின் மறுமுனை தமிழ்நாட்டில் இருக்கிறது.

இதில் வியப்பான செய்தி இன்னும் ஒன்று உண்டு. நம் குழாயில் வருவது பெரும்பாலும் காவிரி நீர். 1974 முதல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரத்துக்குப் படிப்படியாக இறைத்து, மின்சாரத்தைத் தண்ணீராகச் செலவழித்துக் கொண்டுவரப்படும் நீர். அது முகட்டுக்குக் கிழக்கேயுள்ள வீடுகளில் புழங்கியபின் தென்பெண்ணையில் போய் இறங்குகிறது. நதிகளை இணைக்க வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். நம் குளியலறைகளோ அப்பணியை ஐம்பது ஆண்டுகளாக ஓசையின்றிச் செய்து வருகின்றன. காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டில் தன் தீர்ப்பை வழங்கியபோது, நகரின் மூன்றில் ஒரு பகுதி மட்டுமே காவிரி வடிநிலத்தில் அடங்குகிறது என்று கணக்கிட்டே குடிநீர்த் தேவையை அளந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அக்கணக்கை ஏற்காமல், முழு நகரின் தேவையையும் கருதிக் கூடுதலாக 4.75 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது. நாம் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும், எவர் கண்ணிலும் படாத அந்த மேட்டுக்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் அத்துணை வாதம் நடந்தது.

நீர் என்றாலே வாய் திறக்காமல் இருப்பது நம்மவரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. 1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் இந்நகரில் கண்ட குடும்பங்களுக்கு அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அண்டை வீட்டாரோடு எல்லாவற்றையும் பேசலாம், தண்ணீரைப் பற்றி மட்டும் வேண்டாம் என்று பெரியவர்கள் அறிவுறுத்தி வைத்திருக்கிறார்கள். எனினும் அந்த அச்சம் நல்ல நீரைப் பற்றியது. நல்ல நீருக்காகத் தெருவில் இறங்குவோர் இரு மாநிலங்களிலும் உண்டு. கெட்ட நீரைப் பற்றிப் பேசினால் சினங்கொள்வார் எவருமில்லை; கேட்பாரும் மிகுதியாக இல்லை. அதனாலேயே அது நாமும் கன்னடம் பேசும் அண்டை வீட்டாரும் ஒரே பாயில் அமர்ந்து பேசத்தக்க பொருளாகிறது.

இந்நகரின் ஏரிகளுக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு நாம் குடிவந்த நாளில் தொடங்கியதன்று. மடிவாளத்திலுள்ள சோமேசுவரர் கோயிலில் 1247ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வேப்பூர் என்று அன்று வழங்கிய பேகூரைச் சேர்ந்த ஒருவர், வெங்காலூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கோயிலுக்குக் கொடையாக விட்ட செய்தியைச் சொல்வது அது. இதைக் கேட்டதும் 'பார்த்தீர்களா, இது நம் ஊர்' என்று மார்தட்டும் அன்பர்கள் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அக்கல்வெட்டில் நம் நெஞ்சைத் தொடுவது மொழியன்று. 'ஏரியின் கீழ்' என்னும் தொடரே. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலத்தின் மதிப்பையும் முகவரியையும், அது எந்த ஏரிக்குக் கீழே இருக்கிறது என்பதைக் கொண்டே சொன்னார்கள். மேலே நிற்பவர் யார், கீழே நிற்பவர் யார் என்பது எல்லாரும் அறிந்த செய்தியாக இருந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் நகரை அமைத்த கெம்பே கௌடரும் ஏரிகளை வெட்டியே நகரை அமைத்தார். மேட்டு நிலத்தில் ஆறில்லை. மழையைத் தேக்கினாலன்றிப் பிழைப்பில்லை. ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும்; அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. மதகைத் திறந்து மூட நீர்கண்டி என்னும் ஊழியர் இருந்தார். நம் பக்கத்து நீர்க்கட்டிக்கு அவர் உடன்பிறந்தவர் எனலாம். ஊரார் கூடித் தூர் வாருவார்கள். வண்டல் வயலுக்குப் போகும்.

இவ்வொழுங்கு எப்போது குலைந்தது? குலைத்தவர் கொடியவர் எவருமல்லர். 1890களில் எசருகட்டாவிலிருந்தும், 1933இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும், பின்னர் காவிரியிலிருந்தும் குழாயில் நீர் வந்தது. குழாய் வந்தது நன்மையே. காலராவுக்கு அஞ்சிய காலத்தில் அதை வேண்டாமென்பார் யார்? ஆனால் தொலைவிலிருந்து நீர் வரத் தொடங்கியதும், அருகிலிருந்த ஏரியைக் காக்க வேண்டிய தேவை மறைந்தது. தேவை மறைந்த இடத்தில் மதிப்பும் மறைந்தது. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாயிற்று. எஞ்சிய ஏரிகளுக்கு மழை நீரைக் கொண்டுசென்ற ராஜகாலுவே என்னும் வரத்துக்கால்கள் கழிநீரைக் கொண்டுசெல்லத் தொடங்கின. ஊரிலிருந்து வந்து மெஜஸ்டிக்கில் இறங்கும் ஒவ்வொரு முறையும் நாம் ஓர் ஏரியின் தரையில்தான் கால் வைக்கிறோம்.

விளைவை நாடே பார்த்தது. பெல்லந்தூர் ஏரி 2015இல் தீப்பற்றியது. 2018 ஜனவரியில் மீண்டும் பற்றியபோது தீயை அணைக்கப் படைவீரர்களும் வரவேண்டியதாயிற்று. வர்த்தூர்ச் சாலையில் வெண்ணுரை பறந்து, இருசக்கர வண்டியில் செல்வோர் முகத்தில் அப்பியது. நீரில் நெருப்பு எரிவதைப் புராணத்தில் வடவைத் தீ என்று கேட்டிருக்கிறோம். அதைத் தொலைக்காட்சியில் பார்க்க நேர்ந்தது நம் தலைமுறைக்கு வாய்த்தது. ஆனால் வர்த்தூரில் எடுத்த படத்தோடு செய்தி நின்றுவிட்டது. ஆறு நிற்கவில்லை. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறக்கப்படும்போது அங்கும் நுரை மலைபோலக் குவிவதையும், ஓசூர்ப் பக்கத்து உழவர்கள் அந்நீரையே வயலுக்குப் பாய்ச்சுவதையும் அவ்வப்போது நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் காணலாம். நாம் அவ்வூரினர் ஆயினும் பெங்களூர்ப் பதிப்பையே படிப்பதால் அது நம் கண்ணில் படுவது அரிது.

இனி அறக் கேள்விக்கு வருவோம்.

நம்மில் ஒருவர் சொல்வார்: 'என் வீட்டு நீர் எவ்வளவு?' நியாயமான கேள்வி. ஆளொன்றுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களின் அளவுகோல். நால்வர் உள்ள குடும்பத்துக்கு 540 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிநீராகத் திரும்பும் என்பது பொறியாளர் கணக்கு. அதாவது 430 லிட்டர். நகருக்குக் காவிரியிலிருந்து வந்துகொண்டிருந்த நீரோ நாளைக்கு 145 கோடி லிட்டர். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் திறக்கப்பட்ட பின் இன்னும் 77 கோடி லிட்டர் வரத்தக்க வசதி ஏற்பட்டிருக்கிறது. இப்பெருவெள்ளத்தில் நம் 430 லிட்டரை நிறுத்திவிட்டாலும் கெலவரப்பள்ளியின் நுரையில் ஒரு குமிழிகூடக் குறையாது. குமிழி குறையாத செயலில் குற்றம் எங்கே இருக்கிறது?

இதற்கு மேல்நாட்டுத் தத்துவ நூல்களில் நீண்ட விவாதங்கள் உண்டு. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் பாட்டனார் காலத்துக் குடிமராமத்தே போதும். ஏரி தூர்வாரும் நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். வராத வீட்டுக்குத் தண்டம் உண்டு. 'என் ஒரு கூடை மண்ணால் ஏரி ஆழப்பட்டுவிடுமா?' என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால், கேட்டவரைப் பெரும் சிந்தனையாளர் என்று ஊர் போற்றியிராது. சோம்பேறி என்று சிரித்திருக்கும். கூடையின் அளவைக் கொண்டு அங்கே கடமை அளக்கப்படவில்லை. அந்த ஏரியின் கீழ் சோறு தின்கிறவன் என்னும் உறவைக் கொண்டு அளக்கப்பட்டது. வேறுபாடு ஒன்று உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே தூர்வாரியவனும் பயன்பெற்றவனும் ஒரே ஊரார். இங்கே அழுக்காக்குபவர் மேலே. அழுக்கைப் பெறுபவர் கீழே. கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குத் தண்டம் விதிக்க இயலாது. ஆதலின் ஊர்க்கட்டுப்பாடு செய்த வேலையை மனச்சான்று செய்ய வேண்டியிருக்கிறது. மனச்சான்று ஊர்க்கட்டுப்பாட்டைவிட மெலிந்த கருவி என்பது நாம் அறிந்ததே.

இன்னொருவர், 'குடிநீர்க் கட்டணத்தோடு கழிநீர்க் கட்டணமும் செலுத்துகிறோமே. அதன்பின் அது வாரியத்தின் பொறுப்பன்றோ?' என்பார். அரசு அலுவலகத்தில் இருக்கைப் பணி பார்க்கும் நமக்கு இவ்வாதம் மிகவும் பழக்கமானது. சிக்கலான கோப்பு ஒன்று வந்தால், 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று குறிப்பெழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டால் நம் மேசை தூய்மையாகிவிடும். கோப்பு தீர்ந்ததா என்பது வேறு. கட்டணம் செலுத்துவது கடமையின் ஒரு பகுதி, ஐயமில்லை. செலுத்திய கட்டணத்துக்கு வேலை நடந்ததா, சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறதா என்று கேட்பது மற்றொரு பகுதி. அப்பகுதியை நமக்காக எவரும் செய்யமாட்டார்.

மூன்றாவது வாதமே நம் போன்ற குடும்பங்களின் உள்ளத்தில் வேரோடியிருப்பது. 'நாம் மாற்றலில் வந்தவர்கள். ஓய்வு பெற்றால் போய்விடுவோம். இது நம் ஊரன்று.' கணியன் பூங்குன்றனாரின் பாடலை மேடைத் திரையில் எழுதாத தமிழ்ச் சங்கம் இல்லை. எல்லா ஊரும் நம் ஊர் என்னும் அதன் தொடக்கத்தை எல்லாரும் அறிவோம். அதே பாடல், மழை பெய்து கல்லை மோதி ஓடும் பேராற்றின் வழியே செல்லும் தெப்பத்துக்கு நம் வாழ்வை உவமித்திருப்பதை மேடையில் எடுத்துச் சொல்வோர் குறைவு. ஓரூரை நம் ஊராக்குவது பிறப்பு என்று கொண்டால் வந்தவர்க்குக் கடமையில்லை. நீரின் வழியை வைத்துப் பார்த்தால் நிலை தலைகீழாகிறது. இந்த மேட்டின் மீது யார் குடியிருந்தாலும், ஓராண்டு இருந்தாலும் ஒரு தலைமுறை இருந்தாலும், அவர் கீழே இருப்பவரின் மேல்நிலத்தார் ஆகிவிடுகிறார். வாடகை வீட்டின் நீர் வேறு திசையில் ஓடுவதில்லை. நமக்கோ இக்கடமை இருமடங்கு. நாம் விட்ட நீரைப் பெறுபவர் நாம் 'நம் ஊர்' என்று சொல்லும் மண்ணிலேயே இருக்கிறார்.

எஞ்சுவது, 'அறியாமல் செய்தோம்' என்பது. அறியாதவனைக் குற்றவாளி என்று சொல்லல் முறையன்று. இங்கேதான் ஆராய்ச்சியும் கல்வியும் வெறும் அறிவுத் துறைகளாக இல்லாமல் அறத்துறைகள் ஆகின்றன. பெல்லந்தூரின் நுரை எதனால் வருகிறது என்று இந்நகரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தார் ஆராய்ந்து சொன்னார்கள். சோப்புத்தூள்களில் உள்ள நுரைப்பொருளும் பாஸ்பேட்டும் கழிநீரோடு ஏரியில் சேர்ந்து அடியில் தங்குகின்றன. மழை வெள்ளம் அதைக் கலக்க, கலங்கலில் உயரத்திலிருந்து நீர் விழும்போது நுரை பொங்குகிறது. இவ்வளவு தெரிந்தபின், வாரத்தில் எத்தனை கரண்டி சோப்புத்தூள் போடுகிறோம் என்பது வீட்டுக் கணக்காக மட்டும் இருக்க முடியாது. ஆராய்ச்சியாளர் ஒருவர் குடுவையில் நீர் எடுத்து அளந்து எழுதும்போது, நம் அறியாமையிலிருந்து ஒரு பிடியை அள்ளிக்கொண்டு போகிறார். அதன்பின் அந்த அளவுக்கு நாம் பொறுப்பாளிகள்.

அறிவு வந்ததும் செயல் வந்துவிடும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். ஏரிகளைக் காக்க வேண்டும், கழிநீரைத் திருப்பிவிட வேண்டும் என்று லட்சுமண ராவ் குழு 1980களிலேயே அரசுக்கு அறிக்கை கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பல ஏரிகள் மறைந்தன. அறிக்கைக்கும் ஏரிக்கும் நடுவே மக்கள் வேண்டும். சர்ஜாபுரச் சாலையில் கைகொண்டனஹள்ளி ஏரியை 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அப்பகுதி மக்கள் மாநகராட்சியோடு சேர்ந்து மீட்டார்கள். ஜக்கூரில் கழிநீரைச் சுத்திகரித்து, அதைக் கோரையும் சம்பும் வளர்ந்த சதுப்பு வழியே விட்டு, பின்னர் ஏரியில் சேர்க்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையம் விட்டுவைத்த பாஸ்பரசிலும் நைட்ரஜனிலும் ஒரு பகுதியை அத்தாவரங்களின் வேர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. அங்கே மீனவர் வலை வீசுகின்றனர், பறவைகள் வருகின்றன. 2018 முதல் கோரமங்கலப் பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீரை வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு இறைத்து அனுப்புகிறார்கள். அந்நீர் இன்னும் ஒரு படி தூய்மையாக்கப்பட வேண்டும் என்போர் உண்டு, நாமும் அக்கட்சியே. ஆயினும் கழிநீரைக் கைவிடாமல் கையில் எடுத்துப் பார்த்தார்கள் என்பது சிறிய செய்தியன்று.

ஓர் எச்சரிக்கை. ஏரி மீட்பு என்றதும் முள்வேலி, நடைபாதை, நுழைவுச் சீட்டு என்று தொடங்கி, மாட்டுக்குப் புல் அறுத்தவளும் துணி வெளுத்தவரும் உள்ளே வரக்கூடாது என்று முடிவதையும் காண்கிறோம். காலை நடைக்கு வருவோரின் கண்ணுக்கு ஏரி அழகாயிற்று. அதை நம்பிப் பிழைத்தவனுக்கு ஏரி போயிற்று. ராஜகாலுவேயின் ஓரத்திலுள்ள குடிசைகளில் நம் மொழி பேசுவோர் பலர் இருக்கின்றனர். மழை மிகுந்தால் முதலில் அவர்கள் வீட்டில்தான் நம் கழிநீர் நுழைகிறது. பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடையில் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதன் பின்னரும் இறங்கி மாண்டோர் செய்தி நாடெங்குமிருந்து வருகிறது. கீழ்நிலத்தார் என்று நாம் தலைப்பிட்டது ஓசூர் உழவரை மட்டும் கருதியன்று. இரண்டு தெரு தள்ளியும் கீழ்நிலம் இருக்கிறது. சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அவர்கள் வருகிறார்களா, அழைக்கப்படுகிறார்களா என்பதை நிர்வாகக் குழுவினர் சிந்திக்கலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை பலரும் அறிந்தவையே. மழை நீரைக் கூரையிலிருந்து நிலத்துக்குள் விடுவது, எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமலிருப்பது, சோப்புத்தூளைக் குறைப்பது. 2024 கோடையில் ஆழ்குழாய்கள் வற்றி, குடிநீரில் வண்டி கழுவினால் 5000 ரூபாய் தண்டம் என்று வாரியம் அறிவித்தபோது எல்லாரும் சிக்கனம் கற்றோம். மழை வந்ததும் மறந்தோம். அடுக்குமாடியில் இருப்போர்க்கு வேறொரு கடமையும் உண்டு. பராமரிப்புச் செலவு மிகுதி என்று கட்டடத்தின் சுத்திகரிப்பு இயந்திரத்தை இரவில் நிறுத்திவைக்கும் சங்கங்கள் உண்டு. கூட்டத்தில் எழுந்து அதைக் கேட்பவருக்கு நல்ல பெயர் கிடைக்காது. கேட்கத்தான் வேண்டும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பிள்ளைகளை மைசூருக்கும் நந்தி மலைக்கும் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். வரும் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீரின் வழியே அழைத்துச் செல்லலாம். அல்சூர் ஏரிக்கரையில், வான்சிறப்பைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்ததாகவே வைத்த வள்ளுவரின் சிலைக்கு அருகே புறப்பட்டு, பெல்லந்தூரில் ஓரிடம், வர்த்தூர்க் கலங்கலில் ஓரிடம், பிறகு ஓசூர் வழியாகக் கெலவரப்பள்ளி. ஒரு பகலுக்குள் முடியும் தொலைவுதான். ஒவ்வோரிடத்திலும் பிள்ளைகள் சிறு புட்டியில் நீர் எடுத்து, இடமும் நாளும் எழுதி ஒட்டட்டும். எடுத்துக் கொடுக்கப் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும், கையுறையும் வேண்டும். மதகு எது, கலங்கல் எது, வரத்துக்கால் எது என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்; பத்தாண்டு கழித்து இருப்பார்களா என்பது ஐயமே. புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் மதிய உணவை வர்த்தூரில் வைத்துக்கொள்ள வேண்டாம், நாற்றம் விடாது.

கெலவரப்பள்ளியில் வயலில் நிற்கும் உழவரோடு பிள்ளைகள் பேச வேண்டும். வந்தவர்களை 'எந்த ஊர்?' என்று அவர் முதலில் கேட்பார். அதற்கு என்ன விடை சொல்வது என்று, பேருந்து ஏறுமுன்பே வீட்டில் கலந்து பேசி வைத்துக்கொள்வது நல்லது.